எம்ஜிபி பின்பட்டை மாத்தியாச்சு, இப்போ வால் தூக்கி நிக்குது

கேள்வி: 4 மார்ச் 2023, மாலை 6.10

அண்ணன்மார்களுக்கு வணக்கம். என் கார் 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), குரோம் பம்பர், ரோஸ்டைல் வீல். இருப்பது இங்கிலாந்தில், ரீடிங்கில். பின்னாடி ரெண்டு பக்கத்துக்கும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை), அதன் பின்முனையைத் தொங்கவிடுற ஷேக்கிள், கண்ணுக்குள்ளே உட்கார்ற புஷ், ஆக்சிலோடு கட்டுற யூ போல்ட் எல்லாமே புதுசா வாங்கி, ரெண்டு வார சனி ஞாயிறு தரையில் உருண்டு மாட்டினேன். ஜாக்கியை இறக்கிட்டுத் தள்ளி நின்னு பார்த்தா வண்டி கொடுக்கைத் தூக்கின தேள் மாதிரி நிக்குது. முன்னைவிட ரெண்டு அங்குலம் உயரம். இப்போ வர்ற புது ஸ்பிரிங் எதுவுமே தரமில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. பழசையே திருப்பி மாட்டிடலாமா?

4 மார்ச், இரவு 10.40

மாட்டாதீங்க தம்பி. புதுப் பட்டை முதல்ல கொஞ்சம் முறைச்சுக்கிட்டுத்தான் நிக்கும். என் 1972 ஜிடியிலும் (கூரை போட்ட எம்ஜிபி) அப்படித்தான் நின்னது. டிக்கியில் ரெண்டு மணல் மூட்டை போட்டு ஒரு மாசம் ஓட்டுங்க, படிஞ்சிடும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முன்கண் (பட்டையின் முன்முனை வளையம்) போல்ட்டை எப்போ இறுக்கினீங்க? வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதா, சக்கரம் தரையில் ஊன்றின பிறகா?

5 மார்ச், காலை 7.15

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதிட்டேன். இப்போ திரும்பப் படிச்சா "ரெண்டு அங்குலம்"னு போட்டிருக்கீங்க. அது படியிற உயரம் இல்லை. புதுப் பட்டை அரை அங்குலம் இறங்கினாலே பெரிய விஷயம். மணல் மூட்டை யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன். ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா குளிர்காலத்தில் வாசலில் தூவிக்கலாம்.

உயரத்தை எங்கிருந்து அளந்தீங்க? தரையிலிருந்து வளைவு வரைக்கும்னா அந்தக் கணக்கு செல்லாது. டயரில் காத்து குறைஞ்சாலே மாறிடும். வீல் நடுவிலிருந்து நேர் மேலே, பக்கவாட்டில் ஓடுற குரோம் பட்டியின் அடிவிளிம்பு வரைக்கும் அளக்கணும். ரெண்டு பக்கமும், சமதரையில், ஹேண்ட்பிரேக்கை விட்டுட்டு. அளக்கிறதுக்கு முன்னாடி வண்டியை நாலடி முன்னும் பின்னும் உருட்டுங்க. ஜாக்கியிலிருந்து இறங்கின கையோட டயர் தரையைக் கவ்விக்கிட்டு நிக்கும், உண்மையான உயரம் தெரியாது.

பழைய பட்டையைக் கழற்றும் முன்னாடி இதே மாதிரி அளந்து வெச்சிருந்தீங்களா? இல்லைன்னுதான் சொல்வீங்க. நானும் அளக்கலை.

5 மார்ச், மதியம்

தொங்கும்போதுதான் இறுக்கினேன்னு பதில் வந்திருக்கு. நினைச்சேன். பாதிக் காரணம் அதுதான்னு இப்பவே எழுதிடலாம், ஆனா இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். அடுத்த சனிக்கிழமை வரட்டும்.

11 மார்ச், இரவு

எங்கப்பா சங்ககிரியில் லாரி வெச்சிருந்தவர். பட்டைங்கிற சொல்லே அங்கிருந்து எனக்கு வந்தது. இங்கே கடைக்காரர்கிட்ட லீஃப் ஸ்பிரிங்னு கேட்டாலும் மனசுக்குள்ளே பட்டைதான். பத்து வயசில் பட்டறையில் உட்கார்ந்து பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் தடவியிருக்கேன். அதனால் 2019-ல் என் ஜிடிக்குப் பின்பட்டை மாத்தணும்னு வந்தப்போ கர்வம்தான். ஆறு சக்கர லாரியைப் பார்த்தவனுக்கு இது என்ன பொம்மை வண்டி!

முதல் நாளே பொம்மை வண்டி கையை விரிச்சிடுச்சு. வலது முன்கண் போல்ட். நட்டு கழன்றது, போல்ட் வரலை. நாப்பது வருஷத் துருவில் போல்ட்டும் புஷ்ஷுக்குள்ளே இருக்கிற இரும்புக் குழாயும் ஒரே உலோகமாகிப் போச்சு. சுத்தியால் அடிச்சா புஷ் ரப்பர் அடியை வாங்கிக்கிட்டுத் திரும்ப உதைக்குது. நெருப்புக் காட்டினேன். ரப்பர் எரிஞ்ச நாத்தம் மூணு நாள் கராஜை விட்டுப் போகலை, போல்ட் மட்டும் அசையலை. கடைசியில் ஹேக்ஸா பிளேடைக் கைப்பிடியிலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுத்திக்கிட்டு, பட்டைக் கண்ணுக்கும் ஹேங்கருக்கும் (கண்ணை வண்டி உடம்போடு பிடிக்கிற தாங்கி) நடுவில் இருக்கிற இடுக்கில் விட்டு அறுத்தேன். ஒரு பக்கம் அறுக்க ஒண்ணேகால் மணி நேரம். இன்னொரு பக்கமும் அறுத்தாத்தான் பட்டை கீழே விழும். பிளேடு மூணு, பேண்ட்எய்ட் அஞ்சு. இப்போ செய்யறதா இருந்தா ஆங்கிள் கிரைண்டரில் மெல்லிய டிஸ்க் போட்டு ரெண்டு நிமிஷத்தில் முடிச்சிருப்பேன். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்குன்னு அப்போ பயம். அந்தப் பயம் சரிதான்னு இப்பவும் நினைக்கிறேன்.

புதுப் பட்டையை மாட்டி எல்லாத்தையும் தொங்கவிட்டபடியே இறுக்கினேன். லாரியில் அப்படித்தான் பார்த்திருக்கேன். அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினதுக்கு அவரும் "நல்லா இறுக்கு"ன்னுதான் சொன்னார். நாலே மாசத்தில் வலது முன்கண் புஷ் கிழிஞ்சு ரப்பர் வெளியே நாக்கைத் தள்ளிக்கிட்டு இருந்தது.

அப்பா மேல் தப்பில்லை. லாரிப் பட்டையின் கண்ணில் இருப்பது இரும்புப் பின்னும் உலோக புஷ்ஷும். நடுவில் கிரீஸ் நிப்பிள். பட்டை மேலும் கீழும் போகும்போது பின்னுக்கு மேலே புஷ் வழுக்கிச் சுத்தும். எந்த நிலையில் இறுக்கினாலும் அதுக்குக் கவலையில்லை. எம்ஜிபி முன்கண்ணில் இருக்கிறது உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய், நடுவில் ரெண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். போல்ட்டை இறுக்கினதும் உள்குழாய் ஹேங்கரோடு பூட்டிக்கும். அதுக்கப்புறம் எதுவும் வழுக்காது. பட்டை அசையறப்போ எல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கணும். வண்டி தொங்குற நிலையில் பூட்டினா, தரையில் நிக்கும்போதே ரப்பர் முழு முறுக்கில் இருக்கும். அது திரும்பித் தள்ளிக்கிட்டே நிக்கும், அதனால் உயரம். அதே முறுக்கில் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழும், அதனால் கிழிசல்.

அதனால் தம்பி, முன்கண் போல்ட், ஷேக்கிள் நட்டு ரெண்டையும் கையால் திருகுற அளவுக்குத் தளர்த்துங்க. பின்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏத்தி, முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வெச்சு, பின்புறத்தைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டு, அப்புறம் இறுக்குங்க. பின் ஷேக்கிளில் இருப்பது ரெண்டு துண்டு ரப்பர். அது அவ்வளவு கறார் இல்லை, ஆனாலும் இதே நேரத்தில் செஞ்சிடலாம்.

12 மார்ச்

ஸ்பேனர் பத்திக் கேட்டவருக்கு: மெட்ரிக் செட்டை வெச்சுக்கிட்டு இந்தக் காரின் அடியில் போகாதீங்க. 3/4 அங்குல நட்டுக்கு 19 மி.மீ. ஸ்பேனர் உட்காரும், 19.05-தானே. அதை நம்பி 9/16-க்கும் மெட்ரிக்கில் தேடினா 14 உள்ளே நுழையாது, 15 சுத்தும். சுத்தின நட்டு மொட்டை. மொட்டையான நட்டுக்குத் திரும்பவும் ஹேக்ஸா. ஏஎஃப் அளவு (நட்டின் எதிரெதிர் பக்கத்துக்கு நடுவில் அங்குலக் கணக்கு) ரிங் ஸ்பேனர் ஒரு செட் வாங்கிடுங்க. ஓப்பன் ஸ்பேனர் இந்த வேலைக்கு ஆகாது.

12 மார்ச், இரவு

இந்த உரையாடல் இழை வேற பக்கம் போகுது. "இலைப்பட்டையே மாட்டுவண்டிக் காலத்து ஏற்பாடு, அந்த லிவர் ஷாக்கைத் தூக்கிக் கடாசிட்டு டெலஸ்கோப்பிக் போடுங்க"ன்னு மூணு பேர் எழுதியிருக்காங்க. (லிவர் ஷாக்னா கை ஆடுற பழைய மாதிரி அதிர்வு தாங்கி, டெலஸ்கோப்பிக்னா குழாய்க்குள்ளே தண்டு போய் வர்ற மாதிரி.)

மாட்டுவண்டிக் காலம்தான், யார் இல்லைன்னது? 1962-ல் வந்த கார். இதைச் செஞ்ச அபிங்டன் ஆலைக்காரங்க முதல்ல பின்னாடி காயில் ஸ்பிரிங் வெச்சுத்தான் முயற்சி பண்ணினாங்க. சரிவராமல் இலைப்பட்டைக்குத் திரும்பினாங்க. அந்தப் பட்டையோட 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கும் மேலே கார் வெளியே போச்சு. பட்டை வேற வேற வேலை பார்க்குது. பாரம் தாங்குது, ஆக்சிலை முன்னபின்ன நகராமல் பிடிக்குது, பக்கவாட்டில் போகாமலும் பிடிக்குது. ஒரே பாகம், மூணு சம்பளம் இல்லாத வேலை.

லிவர் ஷாக் பத்தி: நல்லா இருக்கிற லிவர் ஷாக் நல்லாவே வேலை செய்யும். ஆயில் இல்லாத லிவர் ஷாக்கைக் கழற்றிட்டுப் புது டெலஸ்கோப்பிக் போட்டவங்கதான் "அடேயப்பா என்ன மாற்றம்"னு எழுதறாங்க. செத்துப்போன மிக்ஸியைத் தூக்கிட்டுப் புது மிக்ஸி வாங்கினவங்க, அம்மியைத் திட்டுற மாதிரி.

13 மார்ச்

அம்மி உதாரணம் பொருந்தலைன்னு ஒருத்தர் திருத்தியிருக்கார். அம்மியை அம்மியோடுதான் ஒப்பிடணுமாம். ஒத்துக்கறேன்.

லிவர் ஷாக்கைச் சோதிக்கிற முறையையும் கேட்டிருந்தார். பட்டையின் அடித்தட்டிலிருந்து ஷாக்குக்குப் போற இணைப்புத் தண்டைக் கழற்றிட்டு, ஷாக்கின் கையைப் பிடிச்சு மேலேயும் கீழேயும் முழு வீச்சுக்கு மெதுவா ஆட்டுங்க. தேன் பாட்டிலில் கரண்டி விட்டுக் கிண்டுற மாதிரி ஒரே சீரான எதிர்ப்பு இருக்கணும். நடுவில் எங்கேயாவது "தொப்"னு காலியா விழுந்தா ஆயில் குறைவு, இல்லைன்னா காத்து. கழற்றி, வைஸில் நிமிர்த்திப் பிடிச்சு, மேல்மூடி வழியா ஆயில் விட்டுக் கையை ஆட்டிக்கிட்டே இருந்தா காத்துக் குமிழி வெளியே வரும். மூடியைத் திறக்கும் முன்னாடி சுத்தியிருக்கிற மண்ணை பிரஷ்ஷால் துடைங்க. மண் உள்ளே போனா வால்வு அம்பேல். இருசு பக்கம் ஆயில் கசிஞ்சிருந்தா எவ்வளவு ஊத்தினாலும் வீண், புதுப்பிச்ச ஷாக்தான் வாங்கணும். ஊத்துற ஆயில் மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஆயில், 20 கிரேடு. என் வண்டியில் அதுதான் ஓடுது.

18 மார்ச், மாலை

தம்பி தளர்த்தி, சாய்தளத்தில் வெச்சு இறுக்கிட்டு அளவு போட்டிருக்கார். இறங்கினது 7 மி.மீ.

ரெண்டு அங்குலம்னா 50 மி.மீ., அதில் 7. அப்போ "பாதிக் காரணம்"னு நான் எழுதினது பொய்யாப் போச்சு. என் கதையை அவர் வண்டியில் ஏத்திட்டேன். என் புஷ் கிழிஞ்சது உண்மை, தொங்கவிட்டு இறுக்கக் கூடாது என்பதும் உண்மை, ஆனா ரெண்டு அங்குலத்துக்கு அது கணக்கு ஆகாது.

ஒரு பட்டையைக் கழற்றுங்க தம்பி. (திட்டறது கேக்குது.) பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் படுக்க வெச்சு, கண்ணிலிருந்து கண்ணுக்கு நூல் கட்டி, நூலுக்கும் பெரிய பட்டையின் நடுவுக்கும் இடைவெளியை அளங்க. தடிமனையும் பாருங்க, இலை எத்தனைன்னு எண்ணுங்க. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைத் தூக்கிப் போடலைன்னா அதுல இருக்கிற எண்ணையும் பாருங்க.

19 மார்ச்

சீட்டு இருந்ததாம்! மறுசுழற்சிக் கூடையில், பால் டப்பாவுக்கு அடியில்.

வந்தது ஜிடி பட்டை. கேட்டது ரோட்ஸ்டருக்கு, பெட்டியில் வெச்சது ஜிடிக்கு. விஷயம் முடிஞ்சது.

தெரியாதவங்களுக்கு: ஜிடிங்கிறது 1965-ல் வந்த கூரை போட்ட எம்ஜிபி. இரும்புக் கூரை, கண்ணாடி வெச்ச பின்கதவு, அந்த எடையெல்லாம் பின்சக்கரத்துக்கு மேலேதான். அதனால் ஜிடி பட்டை விறைப்பு அதிகம். அதைக் கூரையில்லாத ரோட்ஸ்டரில் மாட்டினா அமுக்க ஆளில்லை, வால் தூக்கிக்கும். 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காக ரப்பர் பம்பர் வெச்சு வண்டியையே உயர்த்தினாங்க. அந்த வண்டிகளின் பட்டை இன்னொரு கதை. ஆக, எம்ஜிபி பின்பட்டைன்னு பொதுவா கேட்டா எதையாவது கொடுப்பாங்க. வருஷம், பம்பர், கூரை உண்டா இல்லையா, மூணையும் சொல்லிக் கேட்கணும். வந்ததும் எண்ணைச் சரிபார்த்துட்டுத்தான் பெட்டியைக் கிழிக்கணும்.

"இப்போ வர்ற ஸ்பிரிங் எல்லாம் தரமில்லை"ன்னு இந்த இழையில் தலையாட்டின எல்லாருக்கும் ஒரு கும்பிடு. ஸ்பிரிங் ஒழுங்காத்தான் இருக்கு, வேற காருக்கு.

19 மார்ச், இரவு

கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேங்கிறாராம். மாட்டின தடம் இருக்காம். கடை பேரை இங்கே போட வேண்டாம் தம்பி, பணத்தைக் கார்டில் கொடுத்திருந்தா வங்கியில் கேட்டுப் பாருங்க.

இல்லைன்னா அதை நான் எடுத்துக்கறேன். என்கிட்ட இருக்கிறது ஜிடிதானே.

25 மார்ச்

ஏன் எனக்கு வேணும்னு கேட்கறாங்க. 2019-லதான் மாத்தினேன்னு சொன்னேனேன்னு. நியாயம்.

மாத்தினது வலது பக்கம் மட்டும். இடது பக்கம் பார்க்க நல்லாத்தான் இருந்தது, எதுக்கு வீண் செலவுன்னு விட்டுட்டேன். இப்போ நாலு வருஷமா வண்டி இடது பக்கம் சாய்ஞ்சு நிக்குது. பொதுவா இங்கே எம்ஜிபிகள் ஓட்டுநர் உட்கார்ற வலது பக்கம்தான் கொஞ்சம் சாயும். என்னோடது மட்டும் தலைகீழ். சந்திப்புகளில் பெரியவங்க நின்னு பார்த்துட்டு, ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போவாங்க. அளந்தேன்: 18 மி.மீ. பட்டையைச் சோடியா மாத்தணும்னு பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரியும். லாரிக்காரர் மகன் ஒத்தையா மாத்தினேன்.

8 ஏப்ரல்

தம்பிக்கு ரோட்ஸ்டர் பட்டை வந்தாச்சு. மாட்டும் முன்னாடி அடுக்கு வரிசையைக் கேட்டிருக்கார். கீழேயிருந்து சொல்றேன்: ஷாக் இணைப்பு இருக்கிற அடித்தட்டு, ரப்பர் மெத்தை, பட்டையைப் பிடிக்கிற தகடு, பட்டை, மறுபடி தகடு, மறுபடி ரப்பர் மெத்தை, மேலே ஆக்சில். ரெண்டு யூ போல்ட்டும் ஆக்சிலைத் தாண்டி மேலிருந்து இறங்கி அடித்தட்டில் முடியும். அடித்தட்டு இடதுக்கு வேற, வலதுக்கு வேற. கழற்றும்போதே சாக்பீஸால் எழுதிடுங்க.

இதில் உயிர்நாடி சென்டர் போல்ட்டின் (இலைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கிறது) தலை. அது தகட்டின் ஓட்டையில் உட்கார்ந்தாத்தான் ஆக்சில் நேராக நிக்கும். எனக்கு என்ன ஆச்சுன்னா, மேல் மெத்தை ஒரு ஓரம் மடிஞ்சிருந்தது. படுத்துக்கிட்டுப் பார்த்தா தெரியாது. யூ போல்ட்டை ஒரு பக்கத்தை முழுசா இறுக்கிட்டு மறு பக்கத்துக்குப் போனேன். போல்ட் தலை ஓட்டையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துடுச்சு. ஓட்டிப் பார்த்தப்போ ஸ்டீயரிங் லேசா கோணல், நேர் ரோட்டில் வண்டி நண்டு மாதிரி ஒருக்களிச்சுப் போகுது. பின்னாடி வந்த மச்சான் போன் பண்ணி "உங்க நாலு சக்கரமும் எனக்குத் தெரியுது"ன்னார்.

நாலு நட்டையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா. மெத்தை நாலு ஓரமும் ஒரே அளவா பிதுங்குதான்னு விரலை விட்டுத் தடவிப் பாருங்க. கண்ணை நம்பாதீங்க. நூறு மைல் ஓடினதும் மறுபடி ஒரு தடவை நட்டைச் சோதிக்கணும், புது ரப்பர் அமுங்கித் தளர்வாகும்.

இன்னொண்ணு. ஜாக்கி வெச்சுட்டு அடியில் போகாதீங்க. உடம்பைத் தாங்க ஸ்டாண்டு ரெண்டு, முன் ஹேங்கருக்கு முன்னாடி உறுதியான இடத்தில். ஜாக்கி ஆக்சிலை ஏத்தி இறக்க மட்டும். ஹேங்கர் பக்கம் இந்தக் காரில் துரு பிடிக்கும் இடம், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்துட்டு வைங்க. குத்தினப்போ உள்ளே போச்சுன்னா பட்டை வேலையை நிறுத்திட்டு வெல்டிங் பத்திப் புது இழை தொடங்குங்க.

9 ஏப்ரல்

பிரேக் ஹோஸை மறந்துட்டேன். ஆக்சிலை இறக்கும்போது ஹோஸ் இழுபடுதான்னு பார்த்துக்கிட்டே இறக்கணும். ஹேண்ட்பிரேக் கேபிளும் அப்படித்தான்.

22 ஏப்ரல்

பாலியூரிதேன் புஷ் போடலாமான்னு ரெண்டாவது தடவையா கேள்வி. போடலாம். அது ஒட்டி வார்த்தது இல்லை, உள்குழாய் மேலே சுத்தும், அதனால் தொங்கும்போது இறுக்கினாலும் கிழியாது. கிட்டத்தட்ட எங்கப்பா லாரி மாதிரி. ஆனா சரியான கிரீஸ் போடலைன்னா ஒவ்வொரு வேகத்தடையிலும் கல்யாண வீட்டுப் பழைய கட்டில் மாதிரி கத்தும். ரோட்டின் சின்னச் சின்ன நடுக்கமும் முதுகுக்கு வரும். நான் ரப்பர் கட்சி.

8 மே

சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக விடுமுறை விட்டிருக்காங்க, நான் காருக்கு அடியில். தம்பி ரீடிங்கிலிருந்து பட்டையைக் கொண்டுவந்து கொடுத்துட்டு, இட்லி சாப்பிட்டுட்டு, கூடவே படுத்தார். அவர் ரோட்ஸ்டரில் வந்தார். வால் இறங்கி அழகா நிக்குது. மத்தவங்க கேட்ட அளவு: ரெண்டு பக்கத்துக்கும் 4 மி.மீ. வித்தியாசம்.

இந்தத் தடவை முன்கண் போல்ட் ரெண்டும் வெண்ணெய் மாதிரி வந்தது. 2019-ல் வலது போல்ட்டைப் போடும்போது செப்பு கிரீஸ் தடவினேன், அது காப்பாத்திச்சு. இடது பக்கம் தொடாமல் கிடந்தது. அது ஏன் வந்ததுன்னு புரியலை. தம்பியின் கைராசின்னு என் மனைவி சொல்றாங்க.

நேரத்தை முழுங்கினது ஆக்சில் கட்டுப் பட்டி. ஆக்சில் ரொம்பக் கீழே தொங்கிடாமல் பிடிக்கிற ரப்பர் பட்டி அது. அது அறுந்தா பள்ளத்தில் ஆக்சில் முழுசா இறங்கி, லிவர் ஷாக்கின் கைதான் தடுப்பு ஆகும். அந்தக் கை தடுப்பு வேலைக்குச் செஞ்சது இல்லை. என்னோடது ரெண்டும் வெடிச்சிருந்தது. புதுசு குட்டையா இருக்கும், ஆணியில் எட்டாது. இழுத்து எட்ட வைக்கப் பார்த்து ரெண்டு பேரும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். அப்புறம்தான் ஆக்சிலை ஜாக்கியால் மேலே தூக்கினா பட்டி தானாகவே தளரும்னு உறைச்சது. ரெண்டு இன்ஜினியரிங் டிகிரி அங்கே படுத்திருந்தது.

9 மே

ஸ்விண்டனில் இருந்துக்கிட்டு எம்ஜிபி வெச்சிருக்கிறது பொருத்தம்தான்னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஆமாம், இந்தக் காரின் உடம்புத் தகடுகள் இங்கே ஸ்ட்ராட்டன் பக்கத்து பிரெஸ்டு ஸ்டீல் ஆலையில் அடிச்சவை. இங்கேயிருந்து அபிங்டன் போய்க் காராச்சு. என் வண்டி ஒரு சுத்து சுத்திட்டுப் பிறந்த ஊருக்கே வந்திருக்கு. துருவோட.

20 மே

உயரத்தைக் குறைக்க ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் அலுமினியக் கட்டை வெச்சா போதாதா, எதுக்கு இத்தனை பாடுன்னு கேள்வி. ரப்பர் பம்பர் வண்டிக்கு நிறைய பேர் வைக்கிறாங்க, ஓடுது. நீளமான யூ போல்ட் வேணும், கட்டையின் ஓட்டையில் சென்டர் போல்ட் தலை சரியா உட்காரணும், அவ்வளவுதான். முதல்ல "கட்டை வைக்கவே கூடாது"ன்னு எழுதி வெச்சிருந்தேன், அனுப்பும் முன்னாடி அழிச்சேன். ஆனா தவறான பட்டையை மறைக்கக் கட்டை வெச்சா உயரம்தான் குறையும், விறைப்பு அப்படியே இருக்கும். தம்பியின் ரோட்ஸ்டரில் ஜிடி பட்டையோட கட்டையை வெச்சிருந்தா பார்க்க அழகா, உட்கார முதுகுவலியா இருந்திருக்கும்.

3 ஜூன்

எம்ஓடி (பிரிட்டனில் வருஷா வருஷம் நடக்கிற வாகனத் தகுதிச் சோதனை) பத்தி. நாப்பது வருஷம் தாண்டின, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே 20-லிருந்து எம்ஓடி கட்டாயம் இல்லை. அதனால் யாரும் அடியில் பார்க்கறதில்லை. பார்க்க வேண்டியது நாமதான். நான் வருஷா வருஷம் காசு கொடுத்து எம்ஓடி போடறேன். என் கிழிஞ்ச புஷ்ஷை முதல்ல கண்டுபிடிச்சது நானில்லை, அந்தச் சோதனைக்காரர். கம்பியால் நெம்பிக் காட்டிட்டு "யார் மாட்டினது?"ன்னு கேட்டார். முன்னாடி வெச்சிருந்தவர்னு சொல்லிட்டேன்.

16 செப்டம்பர்

இழையை மறந்துட்டீங்களான்னு தனிச்செய்தி. மறக்கலை, மே மாசம் பட்டையைப் போட்டேனே தவிர, கடைசி இறுக்கத்தைப் பாரத்தோட செய்யணும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன். அரைகுறை இறுக்கத்தில் அது தெரு முனைகூடப் போகலை, கராஜில்தான் நின்னது.

இன்னைக்குச் செஞ்சேன். பின்சக்கரம் ரெண்டும் சாய்தளத்தில். ஓட்டுநர் சீட்டில் 20 கிலோ பொன்னி அரிசி மூட்டை மூணு, பக்கத்து சீட்டில் ரெண்டு, டிக்கியில் ஒண்ணு. ஆறு மூட்டையைத் தமிழ்க் கடையில் ஒரே நேரத்தில் வாங்கினதும் கடைக்கார அக்கா "வீட்டில் என்ன விசேஷம்?"னு கேட்டாங்க. காருக்குன்னேன். சிரிச்சாங்க, நம்பலை. பின்புறத்தைப் பத்து தடவை அமுக்கிவிட்டு, அடியில் போய் முன்கண் ரெண்டு, ஷேக்கிள் நாலு நட்டு, எல்லாத்தையும் இறுக்கினேன். அப்பா வீடியோ காலில் கூடவே இருந்தார். ஏன் சக்கரத்தில் நிறுத்தி இறுக்கறேன்னு கேட்டார். உள்ளே ஒட்டின ரப்பர்னு பழைய கிழிஞ்ச புஷ்ஷைக் காட்டினேன். கேமராகிட்டே கொண்டுவரச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். "கிரீஸ் நிப்பிளே இல்லையா?"ன்னார். இல்லைப்பா. "அப்போ எப்படிப்பா ஓடும்?"

இறக்கி, உருட்டி, அளந்தேன். 18 மி.மீ. சாய்வு 5 மி.மீ. ஆகியிருக்கு, அதுவும் வலது பக்கம், எல்லா எம்ஜிபியும் சாயற பக்கம். அரிசியை இறக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோறதுதான் பாக்கி. முதுகு பிடிச்சிருக்கு, நாளைக்குச் செய்யறேன்.